பத்து நாள் மௌனம்: தங்கவயலிலிருந்து ஆலூர் வரை

கோலார் தங்கவயலுக்கு இரயிலில் வருவோர் பங்காருபேட்டையில் கிளைப்பாதைக்குத் திரும்புதல் வேண்டும். பி.இ.எம்.எல். நகர், கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என ஐந்தே நிலையங்கள். பத்து மைல் தொலைவில் பாதை முடிந்துவிடும். 1894-ஆம் ஆண்டில் சுரங்கங்களின் பொருட்டு இடப்பட்ட பாதை இது. வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து நம் முன்னோருள் பலர் மூட்டை முடிச்சுகளுடன் வந்து சேர்ந்த பாதையும் இதுவே. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் இப்பாதை சுமந்து செல்லும் செல்வம் மனிதர்களே. விடியுமுன் எழுந்து, சோற்றுப் பாத்திரத்தைக் கையிலெடுத்துப் பெங்களூர் சென்று, இருட்டிய பின் வீடு திரும்புவோரைத் தினந்தோறும் காலையிலும் மாலையிலும் காணலாம்.

இத்தகைய ஊரிலிருந்து, பத்து நாள் வாய் திறவாது கண்மூடி உட்கார்ந்திருக்கப் போகிறோம் என்று சொன்னால் அண்டை வீட்டார் என்ன சொல்வர்? "வேலை இல்லாதவனுக்கு ஏற்ற வேலை" என்று சிலர் நகைத்தனர். "குடும்பத்தை விட்டுச் சாமியாராகப் போகிறீர்களா?" என்று நம் வீட்டிலேயே ஒரு கேள்வி எழுந்தது. இவ்விரண்டும் அன்று என்பதை நம் சங்கத்துக் குடும்பத்தினர் அறிந்துகொள்ளும் பொருட்டே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

பழைய தொடர்பு

தங்கவயல் தமிழருக்குப் புத்த தர்மம் புதிதன்று. 1898-ஆம் ஆண்டில் அயோத்திதாச பண்டிதர் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று, கொழும்பு வித்தியோதயப் பிரிவேனாவில் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-இல் "ஒரு பைசாத் தமிழன்" என்ற வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அது "தமிழன்" எனப் பெயர் பெற்றது. அச்சங்கத்தின் கிளைகளுள் சிறந்து விளங்கியவை மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் இருந்தவை. சுரங்கத்தில் உழைத்துக் களைத்த மக்கள் தங்கள் கூலியிலிருந்து காசு சேர்த்துச் சங்கத்தையும் இதழையும் காத்தனர். பண்டிதர் 1914-இல் மறைந்தார். பின்னர் 1926 முதல் சில ஆண்டுகள் "தமிழன்" இதழ் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு நம் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பௌத்த நூல்களைத் தமிழில் அச்சிட்டுப் பரப்பிற்று.

அக்காலத்துச் சங்கக் கூட்டங்களில் பஞ்சசீலமும், சொற்பொழிவும், நூல் வாசிப்பும் முதன்மை பெற்றன. பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை, பகுத்தறிவுக்கு ஒவ்வாத சடங்கு வேண்டா, மனிதன் தன் முயற்சியால் உயர்வான் என்பவையே நம் பாட்டன்மார் புத்தரிடமிருந்து பெற்றுக்கொண்ட போதனைகள். பேராசிரியர் இலட்சுமி நரசு 1907-இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூலும் இவ்வழியைச் சார்ந்ததே. 1948-இல் டாக்டர் அம்பேத்கர் தம் முன்னுரையுடன் அந்நூலை மீண்டும் பதிப்பித்தார். தலை நிமிர்ந்து நடக்கக் கற்பித்த தர்மம் அது. ஆனால் கண்மூடி அமர்ந்து உள்ளத்தைப் பார்க்கும் பயிற்சி நம்மவர்க்கு வேறொரு திசையிலிருந்து வந்தது. அத்திசை பர்மா, அதனைக் கொணர்ந்த வழியில் ஓர் இரயில் பெட்டியும் உண்டு.

கழற்றிவிடப்பட்ட பெட்டி

யு பா கின் என்பார் 1899-இல் இரங்கூனில் எளிய குடும்பமொன்றில் பிறந்தவர். பள்ளி இறுதித் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றும், குடும்பத்தைத் தாங்கும் பொருட்டு மேற்படிப்பை விட்டு வேலைக்குப் போனார். தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். பள்ளிப்படிப்போடு நின்று அரசாங்க மேசைக்கு வந்த நம்போன்றோர் இவ்வரலாற்றை விருப்பத்துடன் படிப்பதில் வியப்பில்லை. 1937-இல் சயா தெட்ஜி என்ற உழவரிடம் தியானம் பயின்றார். அவ்வுழவருக்கு வழிகாட்டியவர் லெடி சயாடோ என்ற பெருந்துறவி; இல்லறத்தாரும் இப்பயிற்சியைச் செய்யலாம் என்று கதவைத் திறந்துவிட்டவர்.

1941-இல் யு பா கின் பர்மா இரயில்வேயின் கணக்கு அதிகாரியாக இருந்தார். இரங்கூன், மாந்தலே பாதையில் நிலையந்தோறும் கணக்கைத் தணிக்கை செய்வது அவர் கடமை. அலுவலும் உறக்கமும் ஒரே பெட்டியில். வேண்டிய நிலையத்தில் அப்பெட்டியை வண்டியிலிருந்து கழற்றி நிறுத்துவர். ஒருநாள் தவறுதலாகச் சௌசே என்ற நிலையத்தில் பெட்டி கழற்றப்பட்டுவிட்டது. அங்கே தணிக்கை குறிக்கப்படவில்லை. இருந்தும் வந்த இடத்தில் வேலையை முடித்துவிட்டு, நிலைய அதிபருடன் அருகிலிருந்த குன்றின்மேல் ஏறினார். ஆங்கே வெபு சயாடோ என்ற துறவியைக் கண்டார். அவர் யு பா கின்னின் அநுபவத்தைக் கேட்டறிந்து, "நீர் பிறர்க்கும் கற்பிக்க வேண்டும்" என்று பணித்தார். நிலைய அதிபரே முதல் மாணாக்கர் ஆனார் என்பர். பெட்டியொன்றைத் தவறிக் கழற்றினால் எத்தனை விளக்கக் கடிதம் எழுத வேண்டும் என்பதை இரயில்வேயில் உள்ளோர் அறிவர். அத்தவறு இத்துணை நன்மைக்குக் காரணமான வரலாறு பிறிதொன்று உண்டோ?

பர்மா விடுதலை பெற்றபோது, 1948 ஜனவரியில், யு பா கின் அந்நாட்டின் முதல் தலைமைக் கணக்காயர் ஆனார். தம் அலுவலகத்திலேயே பணியாளர்க்குத் தியானம் கற்பித்தார். இலஞ்சத்துக்கு இடங்கொடாதவர் என்று பெயர் பெற்றார். 1952-இல் இரங்கூனில் தியான நிலையம் ஒன்றை அமைத்தார். அவரிடம் 1955-இல் வந்தவர் பர்மாவில் பிறந்த இந்திய வணிகர் எஸ். என். கோயங்கா. தீராத தலைவலிக்கு மருந்து தேடி வந்தவர், பதினான்கு ஆண்டுகள் மாணாக்கராய் இருந்து, 1969-இல் இந்தியா வந்து வகுப்புகள் நடத்தத் தொடங்கினார். மும்பைக்கு வடகிழக்கே, கசாரா மலையேற்றம் முடியுமிடத்தில் உள்ள இகத்புரி என்னும் இரயில் ஊரில் 1976 முதல் பெரிய நிலையம் இயங்குகிறது. கோயங்கா 2013-இல் காலமானார். அவர் வழியில் நடைபெறும் நிலையங்களுள் பெங்களூருக்கு அண்மையில் உள்ளது ஆலூர் கிராமத்துத் "தம்ம பபுல்லா", சென்னைக்கு அண்மையில் உள்ளது திருமுடிவாக்கத்துத் "தம்ம சேது."

ஆலூர்

நாங்கள் மூவர் புறப்பட்டோம். மூத்தவர், சுரங்கத்தினுள் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, சுரங்கம் மூடப்பட்டபோது வெளிவந்தவர். இளையவர், தினமும் இரயிலில் பெங்களூர் போய் வரும் தொழிற்சாலைப் பணியாளர். மூன்றாமவர், இதை எழுதும் நாம். டிக்கட் கொடுக்கும் குமாஸ்தா. மாரிக்குப்பத்தில் ஏறிப் பெங்களூரில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் தும்கூர் சாலையைப் பிடித்து, கிளைவழியில் ஆலூரை அடைந்தோம். நகரத்தின் இரைச்சல் முடியும் எல்லையில் மரங்களும் சிறு கட்டடங்களும் தியான மண்டபமும். ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனிப் பகுதி. கணவன் மனைவி சேர்ந்து வந்தாலும் பத்து நாளும் பிரிந்தே இருத்தல் வேண்டும்.

மாலையில் கைப்பேசி, புத்தகம், பேனா எல்லாவற்றையும் ஒப்படைத்தோம். கொல்லாமை, களவாமை, பிரமசரியம், பொய்யாமை, போதைப் பொருள் விலக்கல் என்னும் ஐந்து சீலங்களை ஏற்றோம். மாரிக்குப்பத்துப் பாட்டன்மார் ஏற்ற அதே பஞ்சசீலந்தான்; ஆனால் காமத்தில் தவறாமை என்பது இப்பத்து நாளுக்கு முழுப் பிரமசரியமாகிறது. அன்றிரவு முதல் மௌனம் தொடங்கிற்று. பேச்சு மட்டுமன்று, சைகையும் கூடாது. ஆசிரியரிடம் ஐயம் கேட்கலாம். பணியாளரிடம் தேவையைச் சொல்லலாம்.

காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். நாலரைக்குத் தியானம் தொடங்கும். ஆறரைக்குச் சிற்றுண்டி, பதினோரு மணிக்குப் பகலுணவு, ஐந்து மணிக்குத் தேநீரும் சிறிது பழமும், அதன்பின் உணவில்லை. இரவு ஏழு மணிக்குக் கோயங்காவின் சொற்பொழிவை ஒலிப்பதிவாகக் கேட்கலாம், தமிழிலும் உண்டு. ஒன்பதரை மணிக்கு விளக்கணைப்பு. ஒரு நாளைக்கு ஏறத்தாழப் பத்து மணி நேரம் தியானம். சுரங்கத்து ஷிப்டைக் கண்டவர்க்கே இந்த ஒழுங்கு எளிது போலும்! எங்கள் மூத்தவர் ஒருநாளும் மணிக்குப் பிந்தவில்லை. இளையவர்தாம் தள்ளாடினார்.

இதற்கெல்லாம் கட்டணம் இல்லை. உணவு, உறையுள், போதனை அனைத்தும் முன்பு பயின்றோர் விரும்பி அளித்த கொடையால் நடைபெறுகின்றன. வகுப்பை முடித்தவர் மட்டுமே கொடை அளிக்கலாம். முடிக்காதவரிடம் ஒரு காசும் பெறுவதில்லை.

மூச்சு

முதல் மூன்று நாளும் ஒரே வேலை. மூக்கின் வாயிலில் மூச்சு வருவதையும் போவதையும் அறிந்திருத்தல். அடக்குதல் இல்லை, எண்ணுதல் இல்லை, மந்திரம் இல்லை, உருவம் இல்லை. ஆனாபானம் என்பது இதன் பெயர். கேட்க எளிது, செய்யத் தொடங்கினால் பத்து மூச்சுக்கூடத் தொடர்ந்து நிற்பதில்லை. டிக்கட் சன்னலில் அமர்ந்து பழகிய நம் மனம், கண்ணை மூடியதும் சில்லறையை எண்ணத் தொடங்கிவிடும். மூன்று நாளும் நாம் இல்லாத பயணிகளுக்கு டிக்கட் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் மூத்தவருக்கு அம்மூன்று நாளும் வேறுவகையாய்க் கழிந்தன. தங்கவயலில் மூச்சு என்பது சாதாரணப் பொருளன்று. சாம்பியன் ரீப் சுரங்கம் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கும் மேல். பாறையைத் துளைக்கும்போது எழும் தூள் நெஞ்சில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயைத் தந்தது. இருமி இருமி இளைத்துப்போன பெரியவர் இல்லாத தெரு நம் லைன்களில் இருந்ததில்லை. இன்றும் காற்றுக் காலத்தில் சயனைடு மண்மேட்டுத் தூள் வீட்டுக்குள் வந்து பாத்திரத்தில் படிகிறது.

மௌனம் கலைந்த பின் மூத்தவர் சொன்னார்: "தம்பி, கீழே இருந்த காலத்தில் மூச்சை நான் நினைத்ததே இல்லை. மேலே வந்த பிறகு, மூச்சு இழுக்கும்போதெல்லாம் பயமும் கோபமும்தான் வரும். அது வெறும் மூச்சு, வருகிறது, போகிறது என்று பார்த்தது இந்த மூன்று நாள்தான்." அவருடைய இருமல் தீரவில்லை. தீரும் என்று எவரும் அங்கே வாக்களிக்கவும் இல்லை. மூச்சோடு ஒட்டிக்கொண்டிருந்த அச்சம் சிறிது விலகிற்று, அவ்வளவே.

நான்காம் நாள் விபஸ்ஸனா தொடங்கும். விபஸ்ஸனா என்பது உள்ளதை உள்ளவாறு நுணுகிக் காண்டல். தலை முதல் கால் வரை உடலில் எழும் உணர்ச்சிகளை ஒவ்வொன்றாய்க் கவனித்து, இன்பமானதைப் பற்றாமலும் துன்பமானதை வெறுக்காமலும் இருக்கப் பழகுதல். அன்று முதல் நாளொன்றுக்கு மூன்று முறை, ஒரு மணி நேரம் கைகால் அசையாது அமர வேண்டும். முழங்கால் வலி உயிர் போவதுபோல் எழும். பார்த்துக்கொண்டே இருந்தால் அவ்வலி ஒரே கட்டியாக இல்லை, கூடியும் குறைந்தும் இடம் மாறியும் ஓடுகிறது என்பது தெரியும். அநித்தியம் என்று ஆயிரம் முறை படித்திருக்கிறோம். முழங்காலில் படித்தது அப்போதுதான். ஆறாம் நாள் இளையவர் புறப்பட்டுவிட எண்ணி ஆசிரியரிடம் சென்றார். "இன்னும் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்" என்றார் ஆசிரியர். அந்த ஒரு நாள் முடிந்ததும் அவர் மறுபடி கேட்கவில்லை.

பத்தாம் நாள்

பத்தாம் நாள் காலையில் மைத்திரி பாவனை கற்பிக்கப்படுகிறது. பாலியில் மெத்தா என்பர். ஒன்பது நாள் உள்ளே பார்த்துத் தணிந்த மனத்தோடு, எல்லா உயிர்களும் துன்பம் நீங்கி இன்புறுக என்று விரும்புதல். அதன்பின் மௌனம் கலையும்.

இப்பயிற்சி பர்மாவிலிருந்து வந்ததென்றோம். ஆயினும் தமிழுக்கு இது அந்நியமன்று. மணிமேகலையின் இறுதியான முப்பதாம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு மூன்று குற்றங்களுக்கும் மூன்று மருந்து உரைக்கிறார். ஆசைக்கு மருந்து நிலையாமை முதலியவற்றை உணர்தல். சினத்துக்கு மருந்து மைத்திரி, கருணை, முதிதை. மயக்கத்துக்கு மருந்து கேள்வி, சிந்தனை, பாவனை, தரிசனம். ஆலூரில் பத்து நாளில் கற்பித்த நுண்காட்சியும் அன்பும் நம் காப்பியத்தில் ஒரே பக்கத்தில் அடங்கியிருக்கின்றன. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கை அநுராதபுரத்தில் விசுத்திமார்க்கம் இயற்றிய புத்தகோசரும் காஞ்சியில் தங்கியிருந்தவரே. அவர் மைத்திரிக்கு ஒரு வரிசை வகுத்தார். முதலில் தன்னிடம், பின் மதிப்புக்குரியவரிடம், பின் நெருங்கிய நண்பரிடம், பின் நட்பும் பகையும் இல்லாதவரிடம், கடைசியிலேதான் பகைவரிடம். பகைவரிடம் தொடங்கினால் பயிற்சி கைகூடாது என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

இந்தக் கடைசிப் படியில்தான் எங்கள் மூத்தவர் நின்றுவிட்டார். பல ஆண்டுகளுக்குமுன் அவர் தம்பி சுரங்கத்தினுள் பாறை வெடிப்பில் இறந்தார். நிவாரணம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குச் சென்றபோது, அங்கிருந்த ஒருவர் இவரை வாசலிலேயே நிறுத்திச் சாதிப்பெயர் சொல்லி விரட்டினார். அந்த முகம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. திரும்பி வரும் வண்டியில் அவர் கேட்டார்: "எல்லா உயிர்களும் என்றால் அந்த மனிதனுமா?"

இளையவர் சற்றுச் சூடாகவே பேசினார். "அண்ணே, இதுதான் எனக்கும் பிடிபடவில்லை. அடித்தவனை வாழ்த்து என்று அடிபட்டவனுக்குச் சொல்லிக்கொடுத்தால், அடிப்பவனுக்கு அல்லவா வசதி? நம் தாத்தாக்கள் சங்கம் வைத்தது இதற்காகவா?"

இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. தங்கவயலில் பௌத்தம் வேரூன்றியது இழிவைப் பொறுத்துக்கொள்வதற்காக அன்று, அதனை மறுப்பதற்காக. வண்டி சிறிது தூரம் செல்லும்வரை எவரும் பேசவில்லை. பிறகு மூத்தவரே விடை சொன்னார். "அவன் செய்தது சரி என்று நான் என்றும் சொல்லமாட்டேன். இன்னொருவனை அப்படி நிறுத்தினால் முன்னால் போய்க் கேட்பேன். ஆனால் இத்தனை வருஷமாக அவனை நான் என் வீட்டிலேயே வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன், தம்பி. பேரப்பிள்ளை பாத்திரத்தைப் போட்டு உடைத்தால், அவன்மேல் உள்ள கோபம் அந்தப் பிள்ளைமேல் விழும். இனி அவனுக்கு என் வீட்டில் இடமில்லை. அவன் எங்கேயாவது நன்றாக இருக்கட்டும்."

இதைவிடத் தெளிவாக மைத்திரியை எந்தப் பண்டிதர் விளக்குவார் என்று நாம் அறியோம். மைத்திரி என்பது வழக்கைக் கைவிடுதல் அன்று, வெறுப்பைக் கைவிடுதல். கேட்க வேண்டியதைத் தெளிந்த மனத்தோடு கேட்டல். இலஞ்சம் வாங்க மறுத்த யு பா கின்னும் அன்பையே பயின்றவர். அன்பு அவரை நெகிழ்த்திவிடவில்லை. சினம் இன்றியும் நியாயத்துக்கு நிற்கலாம் என்பதே நாங்கள் ஆலூரிலிருந்து கொண்டுவந்த பொருள். பாட்டன்மார் பெற்றது நிமிர்ந்த தலை. அதனோடு தணிந்த நெஞ்சும் சேருமாயின் குறை என்ன?

செல்ல விரும்புவோர்க்கு

முன்கூட்டியே விண்ணப்பம் எழுதி இடம் பெறுதல் வேண்டும். வரும் நாளும் பதினொன்றாம் நாள் காலைப் புறப்பாடும் சேர்த்துப் பன்னிரண்டு நாள் விடுப்பு தேவை. யு பா கின் முதல் வகுப்புக்கு அநுமதியின்றியே சென்றார் என்று அவர் வரலாறு கூறும். திரும்பியபோது அவருக்குப் பதவி உயர்வு காத்திருந்ததாம். நம் அலுவலகங்களில் அவ்வாறு எதிர்பார்க்க இடமில்லை. ஆதலின் முறையாக எழுதிக்கொடுத்துச் செல்வதே நன்று. உடல் நோய் உள்ளவர் மறையாமல் விண்ணப்பத்தில் குறித்தல் வேண்டும். கடுமையான மனநோய் உற்றோர்க்கு இது ஏற்றதன்று. மருத்துவருடைய சிகிச்சைக்கு இது மாற்றும் அன்று. மதம் மாற வேண்டுவதில்லை. தளர்ந்த பருத்தி உடையும், விடியற்காலைக் குளிருக்கு ஒரு போர்வையும் போதும். வீட்டாரிடம் நிலையத்துத் தொலைபேசி எண்ணைக் கொடுத்துச் சென்றால் அவசரச் செய்தி வந்து சேரும்.

குடும்பப் பொறுப்பால் பத்து நாள் இயலாத தாய்மாரும் பலர் உளர். நிலையங்களில் சிறுவர்க்கும் இளைஞர்க்கும் ஆனாபான வகுப்புகள் குறுகிய நேர அளவில் நடத்தப்படுகின்றன, பிள்ளைகளை அனுப்பலாம்.

பத்து நாளில் நாங்கள் ஞானிகளாகிவிடவில்லை. இளையவர் இன்றும் நெரிசலில் காலை மிதித்தவரை முறைக்கிறார். ஆனால் அடுத்த நிலையம் வருமுன் சிரித்துவிடுகிறார். டிக்கட் சன்னலில் சில்லறைச் சண்டை இன்றும் உண்டு. பதில் சொல்லுமுன் ஒரு மூச்சு நேரம் நமக்குக் கிடைக்கிறது. மூத்தவர் தினமும் காலையில் பேரனை அருகில் இருத்திச் சிறிது நேரம் அமர்கிறார். பெங்களூர் வண்டியில் ஏறும் நம் சங்கத்து அன்பர்கள், உட்கார இடம் கிடைத்தால், பங்காருபேட்டை வரும் வரையேனும் கைப்பேசியை உள்ளே வைத்து, வருகின்ற மூச்சையும் போகின்ற மூச்சையும் பார்த்து வருவார்களாக. அதற்குக் கட்டணமும் இல்லை, டிக்கட்டும் வேண்டுவதில்லை.